ராவில் மட்டும் குடையும் முதுகு

மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில் ஒரு பிள்ளைக்கு முதுகு நொந்தால் முதலில் தைலம், பிறகு சுளுக்கு உருவுகிறவர், அதற்கும் அடங்காவிட்டால் டிஸ்பென்சரியில் ஒரு அட்டை பனடோல். வலி ராவில்தான் வருகிறது என்று பிள்ளை சொன்னால், "பனிக்குப் பிடிச்சிருக்கும்" என்று இன்னொரு கம்பளியைப் போர்த்திவிடுவார்கள். நுவரெலியா நகரமே கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. குளிர்மேல் பழி போடுவது இங்கே எல்லோருக்கும் சுலபம். ஆனால் குளிரால் வரும் பிடிப்பு, கம்பளிக்குள் சுருண்டால் அல்லது வெந்நீர்ப் போத்தலை வைத்தால் இளகிவிடும். கம்பளிக்குள்ளேயே நடுச்சாமத்தில் பிள்ளையை எழுப்பி உட்கார வைத்து, ஒரு ஐபுபுரூபன் போட்ட அரை மணித்தியாலத்தில் அடங்கிவிடுகிற வலி வேறு சாதி.

அந்த வேறு சாதியில் கவனிக்க வேண்டியது ஒஸ்டியோயிட் ஒஸ்டியோமா என்ற சின்ன எலும்புக் கட்டி. புற்றுநோய் கிடையாது, வேறு இடத்துக்குப் பரவாது, பெரும்பாலும் ஒன்றரை சென்ரிமீற்றரைத் தாண்டி வளரவும் செய்யாது. 1935இல் ஜாஃபி என்ற அமெரிக்க நோயியல் நிபுணர் இதைத் தனி நோயாகப் பிரித்துக் காட்டினார். அதிகம் வருவது 5 வயதுக்கும் 25 வயதுக்கும் இடையில். பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று மடங்கு கூடுதல். பத்துப் பேரில் ஒருவருக்கு, சில கணக்கில் இருவருக்கு, இது முள்ளந்தண்டில் இருக்கும். முள்ளந்தண்டிலும் இடுப்புப் பகுதியே கூடுதல், அடுத்தது கழுத்து. எலும்பின் முன்பக்க உருளையில் அபூர்வம். பின்பக்க வளைவு, மூட்டு, இரண்டையும் இணைக்கும் காம்பு ஆகிய இடங்களில்தான் அநேகமாக உட்காரும். நரம்பு போகும் பாதைக்குப் பக்கத்து வீடு அது. சிகிச்சையில் வரும் சிக்கல்கள் எல்லாவற்றுக்கும் அந்த அயல்தான் காரணம்.

வலி ஏன் ராவில் ஏறி, மாத்திரைக்கு இப்படி அடங்குகிறது? கட்டியின் நடுக்கூடு புரொஸ்டகிளாண்டின் என்ற பொருளை மிதமிஞ்சிச் சுரக்கிறது. ஐபுபுரூபன், நெப்ரொக்சன், ஆஸ்பிரின் மூன்றும் அந்தச் சுரப்பையே நிறுத்துகிற மருந்துகள். பனடோல் அந்த இடத்தில் அவ்வளவாக வேலை செய்யாது. அதனால் "பனடோலுக்கு கேக்கல, மத்த வில்லைக்குக் கேக்குது" என்று ஒரு தாய் சொன்னால், அது டொக்டருக்கு ஒரு ஸ்கேன் ரிப்போர்ட் அளவு பெறுமதியான தகவல்.

ஆனால் அந்தத் தகவல் டொக்டரிடம் போய்ச் சேர்வதில்லை. கிளினிக்கில் ஆளுக்கு மூன்று நிமிடம் கிடைக்கும். தாய் கைகட்டி நின்று "முதுகு நோவுதுங்க ஐயா" என்று மட்டும் சொல்வாள். பகலில் வந்த பிள்ளை நன்றாக நடக்கும். எக்ஸ்ரேயில் பல நேரம் ஒன்றும் தெரியாது. உடம்பில் அழற்சி இருந்தால் காட்டும் ஈஎஸ்ஆர், சீஆர்பி என்ற இரத்தப் பரிசோதனைகள் இரண்டும் சாதாரணமாக வரும். முடிவு "தசை நோவு". இப்படியே ஒரு வருடம், ஒன்றரை வருடம் போய்விடுகிறது.

இதற்கு உருப்படியான மருந்து ஒரு நாற்பது பக்கக் கொப்பி. இரண்டு கிழமைக்கு எழுதுங்கள். "1.20க்கு எழும்பினான். 1.30க்கு ஐபுபுரூபன். 2 மணிக்குத் தூங்கினான்." இவ்வளவு போதும். எந்த இடம் என்று கேட்டால் பிள்ளை ஒரே விரலால் தொடுகிறதா, கையை அகல விரித்துக் காட்டுகிறதா என்பதையும் குறியுங்கள். ஒரே விரல் என்றால் சந்தேகம் கூடுகிறது. டொக்டர் சிங்களம் மட்டும் பேசுகிறவராக இருந்தால், "ரேட்ட ரிதெனவா, பெஹெத் பிவ்வாம அடுவெனவா" என்ற ஒரு வரியைப் பாடமாக்கிக்கொண்டு போகலாம். ராவில் நோகிறது, மருந்து குடித்தால் குறைகிறது. அந்த ஒரு வரிக்கு சீட்டி ஸ்கேன் எடுக்கச் சொல்லும் துண்டு கிடைத்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

முதுகையும் பாருங்கள். சட்டையைக் கழற்றி, கால்களைச் சேர்த்து நிற்க வைத்துப் பின்னாலிருந்து பார்த்தால் முள்ளந்தண்டு ஒரு பக்கம் வளைந்திருக்கலாம். வளர்கிற வயதில் தானாக வரும் சாதாரண வளைவு பொதுவாக நோகாது. நோவும் வளைவும் சேர்ந்து வந்தால் காரணம் தேடியே ஆக வேண்டும். இந்தக் கட்டி வளைவின் உட்குழிந்த பக்கத்தில் இருக்கும். அந்தப் பக்கத்துத் தசை இறுகி இழுப்பதால் உடம்பு கோணுகிறது. புத்தகப் பை பாரம் என்று சொல்லிவிட்டுப் போகக் கூடாத இடம் இது. நோவு தொடங்கிப் பதினைந்து மாதத்துக்குள் கட்டியை அழித்துவிட்டால் வளைவு பெரும்பாலும் தானாக நிமிரும். அதைத் தாண்டினால் எலும்பே கோணலாக வளர்ந்து நிலைத்துவிடும் வாய்ப்புக் கூடுகிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. கால் வலுவிழந்தால், மூத்திரம் மலம் கட்டுப்பாடு தவறினால், காய்ச்சல், உடல் மெலிவு, கிழமைக் கணக்கில் இருமல், ராவில் வியர்வை என்று வந்தால் கொப்பி எழுதிக்கொண்டிருக்காதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரி. முள்ளந்தண்டுக் காசநோயும் முதுகு நோவாகத்தான் தொடங்கும். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், ஒரே காம்பராவில் ஆறேழு பேர் படுக்கிற இடத்தில் அதை மறக்க முடியாது.

ஸ்கேனில் ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. முதுகு என்றதும் எம்ஆர்ஐ எடுக்கிறார்கள். இந்தக் கட்டிக்கு எம்ஆர்ஐ ஏமாற்றும். கட்டியைச் சுற்றி எலும்பும் தசையும் வீங்கி நீர் கோர்த்திருப்பது பெரிதாகத் தெரியும். நடுவிலுள்ள கூடு அதற்குள் மறைந்துவிடும். கிருமித் தொற்றோ, புற்றோ என்று ரிப்போர்ட் வந்து வீடே ஒப்பாரி வைக்கும். ஒரு மில்லிமீற்றர் மெல்லிய வெட்டுகளாக, சந்தேகப்படும் இடத்தில் மட்டும் எடுக்கும் சீட்டி ஸ்கேன்தான் இதற்குத் தோது. அதில் வெள்ளையாகத் தடித்த எலும்புக்கு நடுவே கறுப்பாக ஒரு வட்டம், சிலவேளை அதற்குள் ஒரு வெள்ளைப் புள்ளி. கூட்டுக்குள் முட்டை கிடக்கிற மாதிரி. எந்த முள்ளெலும்பு என்றே பிடிபடாவிட்டால் எலும்பு ஐசோடோப் ஸ்கேன் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். அதை எடுக்கும் அணு மருத்துவப் பிரிவு மலையகத்துக்குப் பக்கத்தில் பேராதனைப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் இருக்கிறது.

வயதானவர்கள் வேறு காரணத்துக்கு எடுத்த எம்ஆர்ஐயில் "ஹீமாஞ்சியோமா" என்று எழுதியிருந்தால் பதற வேண்டாம். அது முள்ளெலும்பில் இரத்தக் குழாய் முடிச்சு. பத்தில் ஒருவருக்கு இருக்கும்; அநேகமாக ஒன்றும் செய்யாது, ஒன்றும் செய்யவும் வேண்டியதில்லை. நரம்பை அழுத்தினால் மட்டுமே சிகிச்சை, அதுவும் வேறு வகைச் சிகிச்சை.

இனி சிகிச்சை. ஊசி வழியாகச் சூடு கொடுத்துக் கட்டியை அழிக்கும் இந்த முறைக்குப் பெயர் ரேடியோஃப்ரீக்குவன்சி அப்லேஷன். "புள்ளைக்கு முதுகுல சூடு வைக்கப் போறாங்களாம்" என்ற பேச்சு லயத்தில் பரவினால், பழைய நாளில் மஞ்சள் கிழங்கைச் சுட்டுத் தோலில் வைத்த ஞாபகம் பாட்டிமாருக்கு வரும். "கரண்ட் வைக்கிறது" என்று சொன்னால் இன்னும் மோசம். அது மனநோய்க்கு வைக்கிற கரண்ட் என்று நினைப்பார்கள். இரண்டும் தப்பு. தோலில் 3 முதல் 5 மில்லிமீற்றர் கீறல். அதன் வழியாக எலும்புக்குள் ஒரு ஊசி. ஊசி முனையிலிருந்து, கிட்டத்தட்ட 400 முதல் 500 கிலோஹேட்ஸ் வேகத்தில் திசை மாறும் மின்னோட்டம் தொடையில் ஒட்டிய தகட்டை நோக்கிப் போகும். முனையைச் சுற்றியுள்ள திசுவில் அயன்கள் அதே வேகத்தில் முன்னும் பின்னும் ஆடி, உரசலில் திசுவே சூடாகும். பழுக்கக் காய்ச்சிய கம்பி எதுவும் உள்ளே போவதில்லை. எக்ஸ்ரே மாதிரிக் கதிரும் கிடையாது. கதிர் படுவது சீட்டி ஸ்கேனில் மட்டும்.

ஒஸ்டியோயிட் ஒஸ்டியோமாவுக்கு இந்த முறையை 1992இல் அமெரிக்காவில் ரோசந்தால் குழுவினர் நான்கு நோயாளிகளில் செய்து வெளியிட்டார்கள். அதற்கு முன் எலும்பை வெட்டி எடுப்பதுதான் வழி. வெட்டும்போது பெரிய துன்பம், தியேட்டரில் கட்டியைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாமல் தேவைக்கு மேல் எலும்பைச் செதுக்குவது. முள்ளந்தண்டில் அப்படிச் செதுக்கினால் பிறகு திருகாணி போட்டு இணைக்க வேண்டியும் வரலாம்.

வழமையான அளவு 90 பாகை செல்சியஸ், 4 முதல் 6 நிமிடம். 50 பாகையில் சில நிமிடம் இருந்தாலே உயிரணு செத்துவிடும், 60க்கு மேல் உடனே. பின்னே ஏன் 100க்கு மேல் போவதில்லை? திசு கருகிக் கரியாகும், நீராவி கட்டும். கரி மின்னோட்டத்தைத் தடுத்துவிடும், சூடு வெளியே பரவாது. ஆகவே மெல்ல மெல்ல ஏற்றி 90இல் நிறுத்துகிறார்கள். 5 மில்லிமீற்றர் முனை சுமார் ஒரு சென்ரிமீற்றர் உருண்டையைச் சுட்டுவிடும். கட்டி அதைவிடப் பெரிதென்றால் ஊசியை நகர்த்தி இரண்டாவது முறை சுட வேண்டும்.

ஆறு நிமிடச் சூடுதான். ஆனாலும் பிள்ளை உள்ளே போய் வெளியே வர ஒன்றரை, இரண்டு மணித்தியாலம் ஆகும். வெளியே நிற்கிறவர்கள் அதைக் கண்டு பயப்படக் கூடாது. நேரம் முழுக்க ஊசியைக் குறிக்குக் கொண்டுபோவதில்தான் செலவாகிறது, வெற்றி தோல்வியும் அங்கேதான். குப்புறப் படுக்க வைத்து, நெஞ்சுக்கும் இடுப்புக்கும் தலையணை கொடுத்து, ஒரு தடவை ஸ்கேன். தோலில் குறி, சரிவுக் கோணம், ஆழம். ஊசி கொஞ்சம் போகும், மறுபடி ஸ்கேன். இன்னும் கொஞ்சம், மறுபடி ஸ்கேன். கட்டியைச் சுற்றியுள்ள எலும்பு கருங்காலி மாதிரி இறுகிப்போயிருக்கும். சுத்தியலுக்கு மசியாது, துளைப்பான் வேண்டும். நரம்புப் பாதையைக் குறுக்கே வெட்டாமல், சிலவேளை மறுபக்கத்து எலும்பின் வழியாகச் சரித்துக்கூடப் போக வேண்டியிருக்கும்.

முழு மயக்கம் கேட்பதற்குக் காரணம் உண்டு. கூட்டுக்குள் ஊசி நுழையும் கணத்தில், ஆழ்ந்த மயக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கும் நாடித் துடிப்பும் மூச்சும் எகிறும். அந்தக் கட்டிக்குள் நரம்பு இழைகள் அவ்வளவு. ஊசி சரியான இடத்துக்குப் போய்விட்டது என்பதற்கு மயக்க மருந்து டொக்டர் பார்க்கிற அடையாளமும் அதுதான். அந்த இடத்தை மட்டும் மரக்க வைக்கும் ஊசி போட்டு முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால், பிள்ளை ஆடினால் என்ன செய்வீர்கள் என்று மரியாதையாகக் கேட்கலாம்.

சுடுவதற்கு முன் கட்டியில் ஒரு சிறு துண்டை பயாப்சிக்கு, அதாவது ஆய்வுகூடத்தில் பரிசோதிக்க, எடுப்பார்கள். துண்டு மிகச் சின்னது. ரிப்போர்ட் "தெளிவில்லை" என்று வருவது சகஜம். ஸ்கேனும் நோவின் கதையும் பொருந்தினால் அதை வைத்துச் சிகிச்சை பிழை என்று சொல்ல முடியாது.

நரம்பைக் காப்பது எப்படி? 45 பாகையிலேயே நரம்பு கெடத் தொடங்கும். கட்டிக்கும் நரம்புக்கும் நடுவே முழுசாக ஒரு எலும்புத் தகடு இருந்தால் அது சூட்டைத் தடுக்கும் சுவர். முள்ளந்தண்டுக் கால்வாயில் ஓடும் நீரும் நாளங்களில் ஓடும் இரத்தமும் சூட்டை அள்ளிக்கொண்டு போகும். பீலித் தண்ணீருக்கு அடியில் பிடித்த சுடுபாத்திரம் ஆறுகிற மாதிரி. சுவர் மெலிந்திருந்தால் நரம்புப் பக்கத்தில் வெப்பமானி இழை ஒன்றை வைத்து, 42, 43ஐத் தொட்டதும் நிறுத்துவார்கள். கட்டிக்கும் நரம்புக்கும் இடையே காபனீரொட்சைட்டையோ 5 வீத டெக்ஸ்ட்ரோஸையோ செலுத்தித் தள்ளிவைப்பதும் உண்டு. இதற்கு சேலைன் ஆகாது. சேலைன் உப்புத் தண்ணீர். மின்னைக் கடத்தும், காப்பாற்றப் போன இடத்திலேயே சூட்டைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். மிகக் கிட்டத்தில் நரம்பு இருந்து நடுவே எலும்பும் இல்லை என்றால், சத்திரசிகிச்சைதான் நல்லது என்று சொல்கிற டொக்டரை நம்பலாம்.

பிழை போகும் இடங்கள் சில. முனை நடுவில் விழாமல் ஓரத்தில் விழுந்தால் பாதிக் கூடு உயிரோடு தங்கி, சில மாதத்தில் பழைய நோவு திரும்பும். ஊசி போன வெளிக்குழாயைப் பின்னுக்கு இழுக்காமல் விட்டால், உலோகக் குழாய் முனையைத் தொட்டு, மின்னோட்டம் குழாய் வழியே ஏறித் தோலைச் சுடும். தொடைத் தகடு பாதி ஒட்டினால் அதன் ஓரத்தில் தீக்காயம். தோல் காய்ந்து, முடி மழித்து, எண்ணெய்ப் பசை இல்லாமல் இருக்க வேண்டும். ஆகவே முதல்நாள் ராவு பாசத்தில் தைலம் தேய்த்து அனுப்பாதீர்கள். இது எங்கள் பக்கத்தில் சொல்லித்தான் ஆக வேண்டிய விஷயம்.

இன்னொன்று, மாத்திரை நிறுத்துவது. ஐபுபுரூபனும் ஆஸ்பிரினும் இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும். ஆஸ்பிரின் என்றால் ஒரு கிழமைக்கு. எத்தனை நாள் முன்பு நிறுத்துவது என்று மயக்க மருந்து டொக்டரிடமே கேட்டு, கிளினிக் கொப்பியில் எழுதி வாங்குங்கள். மாத்திரை நிறுத்திய அந்த ராவுகளில் பிள்ளை தூங்காது. முன்கூட்டியே தெரிந்தால், பக்கத்தில் இருக்கிறவர்கள் அடுத்த நாள் வேலைக்குப் போகாதபடி பார்த்துக்கொள்ளலாம். சிகிச்சைக்கு முந்திய ஆறு மணித்தியாலம் சோறு, ரொட்டி, பால் தேத்தண்ணி எதுவும் கூடாது. "ஒரு வாய் தேத்தண்ணிதானே" என்று கொடுத்து, தியேட்டர் வாசலில் திரும்பி வந்தவர்கள் உண்டு. ஹட்டனிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வருகிற உத்தேசம் வேண்டாம். முதல்நாளே அனுமதி கேளுங்கள்.

எங்கே செய்வார்கள் என்பதற்கு நிரந்தரமான பதில் கிடையாது. கருவியும், அதைக் கையாளும் கதிரியல் நிபுணரும் இருக்கிற ஆஸ்பத்திரி வேண்டும். தோட்ட டொக்டரின் துண்டோடு டிக்கோயா, நுவரெலியா, பதுளை என்று எலும்பு கிளினிக்குக்கு, அங்கிருந்து கடிதத்தோடு கண்டி, பேராதனை அல்லது கொழும்புக்கு என்பதே ஒழுங்கு. சீட்டி படங்களின் சீடியைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம். ஊசி முனையை மட்டும் வெளியே வாங்கிவரச் சொன்னால், முனை நீளம் எத்தனை மில்லிமீற்றர், ஆஸ்பத்திரியிலுள்ள மெஷின் எந்தக் கொம்பனியுடையது என்று இரண்டையும் எழுதி வாங்குங்கள். ஒரு கொம்பனியின் ஊசி மற்றக் கொம்பனி மெஷினில் பொருந்தாமல் போவது வழமை, திருப்பிக் கொடுக்கவும் முடியாது. பணம் தேவைப்பட்டால் ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்குப் பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம். சிகிச்சை முடிந்த பிறகு ஓடாமல், திகதி கிடைத்த அன்றே போங்கள்.

முடிந்ததும் காலைப் பாருங்கள். மயக்கம் தெளிந்தவுடன் இரண்டு பாதத்தையும் மேலே தூக்க முடிகிறதா, விரல் உணர்ச்சி இருக்கிறதா என்று தாதி பார்ப்பார். ஒரு பாதம் தொங்கினால், மூத்திரம் போகாவிட்டால் விடியும்வரை காத்திருக்காமல் உடனே சொல்ல வேண்டும். சுட்ட இடத்தில் ஓரிரண்டு நாள் நோவு இருக்கும், அது புதுசு. பழைய ராநோவு பெரும்பாலானோருக்கு முதல் மூன்று நாளில் போய்விடும். சிலருக்கு ஒரு கிழமை, இரண்டு கிழமை. ஒரு ராவு வைத்துப் பார்த்து அடுத்த நாள் அனுப்புவார்கள். றம்பொடை வளைவுகளில் மயக்க மருந்து வயிற்றைக் குமட்டும். முன் சீட்டில் இருத்தி, ஒரு பொலித்தீன் பையையும் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் புண் காயும்வரை பீலிக் குளிப்பு வேண்டாம், துடைத்துவிடுங்கள். நடக்கலாம், படியேறலாம், ஒரு கிழமையில் பள்ளிக்கூடமும் போகலாம். பாரம்தான் பகை. சுட்ட எலும்பு தன்னைத் திருத்திக்கொள்ளும்வரை தண்ணீர்க் குடம், விறகுக் கட்டு, விளையாட்டு எல்லாம் டொக்டர் சொல்லும் காலம்வரை நிறுத்தம். ஆறு கிழமை முதல் மூன்று மாதம் என்பார்கள். வேலைக்குப் போகிற வயது என்றால் இன்னும் கண்டிப்பு வேண்டும். கொழுந்துக் கூடையில் நாளொன்றுக்கு ஏறுகிற பாரம் பதினெட்டு, இருபது கிலோ. மருந்து அடிக்கிற டாங்கி 16 லீற்றர், முதுகிலேயே தொங்கும். வாயால் சொன்னால் கணக்கப்பிள்ளை கேட்க மாட்டார். "பாரம் தூக்கக் கூடாது, இன்ன திகதி வரை" என்று கிளினிக்கில் கடிதம் வாங்கித் துரையிடம் கொடுங்கள். கடிதத்தில் திகதி இல்லாவிட்டால் இரண்டாம் கிழமையே கூடை முதுகில் ஏறும்.

ஐபுபுரூபனோடு இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயம்தான், இந்தக் கட்டி சில வருடங்களில் தானாக அணைந்துபோவதும் உண்டு. ஆனால் அத்தனை வருடமும் ராவுக்கு ராவு மாத்திரை என்றால் இரைப்பையும் சிறுநீரகமும் தாங்காது, வளைவும் காத்திருக்காது. கொடுக்கிற நாள்வரை சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள். ஆஸ்பிரினைப் பதினாறு வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கொடுக்காதீர்கள். காய்ச்சல் கண்டால் அன்றே ஐபுபுரூபனையும் நிறுத்துங்கள். டெங்கு என்றால் இரத்தக் கசிவு வரும். காய்ச்சலுக்குப் பனடோல் மட்டும்.

பிறகு எடுக்கும் சீட்டியில் கூடு அப்படியே தெரியலாம். செத்த கூடு எலும்பாக நிரம்ப மாதங்கள் ஆகும். நோவு இல்லாதவரை படத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், படம் எடுக்கவே தேவையில்லாமலும் இருக்கலாம். பத்தில் ஒருவருக்கு, அல்லது அதைவிடக் குறைவாக, கட்டி திரும்பும். திரும்புவதென்றால் பெரும்பாலும் முதல் இரண்டு வருடத்துக்குள். மறுபடி அதே ஓட்டை வழியாகச் சுடலாம், இரண்டாம் தடவைக்கும் நல்ல பலன் உண்டு. நடுச்சாமத்தில் பிள்ளை மறுபடி எழும்பி உட்கார்ந்தால், பழைய கொப்பியை எடுத்து, புதுப் பக்கத்தில் மணியைக் குறியுங்கள்.